ஒலியில் புதிதாய் ஒன்றைச் செய்பவர்களுக்கான விருதுகள்: முதல்முறை விண்ணப்பிக்கும் பெண்களுக்கும் பால்புதுமையினருக்கும்

சென்னையில் இசைக்காரர்களுக்குப் பட்டத்துக்குப் பஞ்சமில்லை. மார்கழி பிறந்தால் சபாவுக்கு ஒன்று, அரசுப் பக்கம் போனால் கலை இளமணி, கலை முதுமணி என்று வயதுக்கு ஒரு மணி. ஆனால் பறக்கும் ரயில் பாலத்தடியில் நின்று சத்தம் பிடித்து வந்து அதையே ஒரு படைப்பாக்குபவர், பழைய கீபோர்டைப் பிரித்துச் சொந்தமாக ஒரு வாத்தியம் செய்பவர், தாளத்தைக் கட்டமைக்கத் தானே நிரல் எழுதுபவர் ஆகியோருக்கு அந்தப் படிவங்களில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்றே தெரியாது. இவர்களுக்கென்று விருதுகளும் நல்கைகளும் (படைப்பைச் செய்யத் தரும் நிதி) இருக்கின்றன. அவற்றில் சில பெண்களுக்கும், திருநங்கை, திருநம்பி, ஆண்-பெண் என்ற இரண்டில் அடங்காதவர்களுக்கும் மட்டுமே. அவற்றுக்கு எப்படி விண்ணப்பிப்பது, எங்கே சறுக்கும் என்பதைப் பார்ப்போம்.

எந்த விருது, யாருக்கு

இந்த வகையில் பெயர் பெற்றது ஓரம் விருது. தமிழில் எழுதினால் வேறு பொருள் வந்துவிடுகிறது; இது டாஃப்னி ஓரம் என்பவரின் பெயர். 1958-இல் பிபிசியின் மின்னணு ஒலிக்கூடமான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பை டெஸ்மண்ட் பிரிஸ்கோவுடன் சேர்ந்து தொடங்கியவர். மறு ஆண்டே வெளியேறி, ஃபிலிம் சுருளில் கோடு வரைந்தால் அது ஒலியாக மாறும் 'ஓரமிக்ஸ்' இயந்திரத்தைக் கட்டினார். 1962-இல் குல்பென்கியன் அறக்கட்டளையின் நல்கை கிடைத்ததும் அந்த வேலை சூடு பிடித்தது. இன்று அவர் பெயரில் விருது கேட்பவர்களைப் போலவே அவரும் ஒரு காலத்தில் விண்ணப்பம் எழுதி நின்றவர்தான். விருதைப் பிரிட்டனில் இசைக்கு நிதி தரும் பிஆர்எஸ் ஃபவுண்டேஷனும் நியூ பிபிசி ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பும் 2017-இல் தொடங்கின. இதன் மையம் பிரிட்டன். அங்கே படிக்கவோ வேலைக்கோ போயிருக்கும் நம்மூர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது. சென்னையிலேயே இருப்பவர்கள் அந்தந்த ஆண்டின் தகுதி விதிகளைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து இயங்கும் சர்வதேசப் பெண் இசையாளர் கூட்டமைப்பு (International Alliance for Women in Music) புதிய படைப்புகளுக்குப் போட்டி நடத்துகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஆலிவரோஸ் பெயரில் அதில் ஒரு பரிசு உண்டு. மின்னணு ஒலி, வழக்கமான வகைகளில் அடங்காத படைப்புகள் எல்லாம் அங்கே போகலாம். உறுப்பினராகச் சேர வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1987 முதல் நடக்கும் ப்ரி ஆர்ஸ் எலக்ட்ரானிகா எல்லாப் பாலினருக்கும் உரியது. அதன் டிஜிட்டல் இசை, ஒலிக்கலைப் பிரிவுக்கு உலகம் முழுவதிலிருந்தும் கடும் போட்டி வரும். முதல் விண்ணப்பமாக இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; மூன்றாவதோ நான்காவதோ ஆகட்டும்.

விருது இல்லை என்றாலும் ஒரு பக்கபலம்: 1998-இல் வியன்னாவில் எலக்ட்ரிக் இண்டிகோ என்ற டிஜே தொடங்கிய ஃபீமேல் பிரஷர் வலைப்பின்னல். மின்னணு இசையில் இருக்கும் பெண்கள், திருநர், இருமைக்குள் அடங்காதோர் பற்றிய உலகளாவிய பெயர்ப்பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. அழைப்புகள் காதுக்கு எட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

நம் நாட்டுக்குள் இரண்டு வாசல்கள். பெங்களூருவின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1990-களிலிருந்து நல்கை தருகிறது. இந்திய மொழி எதிலும் விண்ணப்பம் எழுதலாம். தமிழில் யோசிப்பவருக்கு இது சின்னச் சலுகை இல்லை. பயிற்சிக்கும் இதுவே நல்ல முதல் படி. மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெலோஷிப் 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு, மாதம் 10,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுகள். இது ஆய்வுத்திட்டம் கேட்கும், முடிந்த படைப்பை அல்ல. இரண்டும் எல்லாப் பாலினருக்கும் பொது.

ஒரு எச்சரிக்கை. நட்சத்திர ஓட்டல் ஹாலில் 'சாதனைப் பெண்' விருது தருகிறோம், பதிவுக் கட்டணம் இவ்வளவு, கேடயத்துக்குத் தனியாக இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் வியாபாரம். நடுவர்கள் யார், சென்ற ஆண்டு வென்றவர்கள் யார், அவர்களின் படைப்பை எங்கே கேட்கலாம் ஆகிய மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் விலகுங்கள். நியாயமான போட்டிகளிலும் நுழைவுக் கட்டணம் இருக்கலாம். ஆனால் வென்ற பிறகு பணம் கேட்பது எங்கேயும் நியாயமில்லை.

புதுமை என்ற கேள்விக்கு என்ன எழுதுவது

எந்தப் படிவமானாலும் சுற்றி வளைத்து ஒரே கேள்விக்குத்தான் வரும்: உங்கள் வேலையில் என்ன புதிது? பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. புதுமை என்பதைப் பாராட்டுச் சொல் என்று நினைத்து அடைமொழிகளாக அடுக்கிவிடுகிறோம். நடுவர் கேட்பது செய்முறை. எதை எடுத்தீர்கள், அதை என்ன செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது?

ஒரே படைப்பைப் பற்றிய இரண்டு பத்திகளைப் பாருங்கள். முதலாவது: "என் இசை மரபையும் நவீனத்தையும் இணைக்கும் பாலம். கடலோர மக்களின் வாழ்வை உணர்வுபூர்வமாகப் பதிவுசெய்கிறது." இதை எந்தப் படைப்புக்கும் ஒட்டலாம்.

இரண்டாவது: "காசிமேட்டில் ஐஸ் பார் உடைக்கும் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் இரண்டு காண்டாக்ட் மைக்குகளை (ஒட்டிய பொருளின் அதிர்வைப் பிடிக்கும் மைக்) ஒட்டி, விடியற்காலை 3 மணியிலிருந்து 40 நிமிடம் பதிவுசெய்தேன். பற்கள் ஐஸைக் கவ்வும் ஒவ்வொரு முறையும் மோட்டாரின் சுருதி இறங்கி, பிறகு ஏறுகிறது. அந்த இறக்கத்தைக் கணினி அளந்து, வீணையின் மந்தரத் தந்திப் பதிவை அதே அளவு வளைக்கும்படி நிரல் எழுதினேன். கமகத்தை இங்கே விரல் தீர்மானிக்கவில்லை. ஐஸின் கடினம் தீர்மானிக்கிறது." இதைப் படித்தவருக்கு ஒலியைக் கேட்க வேண்டும் என்று தோன்றும். அது போதும்.

எழுதும் வரிசை: முதலில் செய்ததை நண்பருக்குச் சொல்வதுபோல் தமிழில் பேசி மொபைலில் பதிவுசெய்யுங்கள். அதைக் கேட்டு 300 சொற்களில் எழுதுங்கள். பிறகு 150, பிறகு 50. மூன்று அளவும் தேவைப்படும். ஒவ்வொரு படிவமும் ஒரு கணக்கு வைத்திருக்கும். சொல் எண்ணிக்கையா, எழுத்து எண்ணிக்கையா என்று பாருங்கள். எழுத்து எண்ணிக்கை என்றால் இடைவெளியும் சேரும், மீறினால் படிவம் பாதியில் வெட்டிவிடும்.

ஆங்கிலத்தில் மாற்றும்போது இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள். சுருதியும் கமகமும் அதில் கந்தலாகும். அந்தச் சொற்களை அப்படியே வைத்து, பக்கத்தில் அரை வரி விளக்கம் தந்தால் போதும். கானாவை 'நாட்டுப்புறப் பாட்டு' என்று தள்ளிவிடாமல், வடசென்னையின் சாவு வீட்டுப் பாட்டிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதச் சிரமப்படுபவர்களிடம் குரல்பதிவாகவோ வீடியோவாகவோ பதிலை வாங்கிக்கொள்ளும் விருதுகளும் உண்டு. தயங்காமல் கேட்கலாம்.

யாருடைய தொடர்ச்சி நீங்கள் என்ற கேள்வி வந்தால் ஐரோப்பியப் பெயர்களை மட்டும் அடுக்க வேண்டியதில்லை. 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை (மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவி) நிறுவிக் கொடுத்தார். அங்கே படைப்புகள் செய்தவர்களில் கீதா சாராபாய் ஒருவர். அந்த ஒலிநாடாக்கள் வெகுகாலம் கிடப்பில் கிடந்து 2023-இல்தான் வெளியீடாக வந்தன. கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே உங்களை அது தொட்டால் மட்டும் பெயரைச் சொல்லுங்கள்.

மாதிரிப் படைப்பு: முதல் அரை நிமிடம்

நூற்றுக்கணக்கில் கேட்கும் நடுவர் எல்லாவற்றையும் முழுதாகக் கேட்பார் என்று நம்ப வேண்டாம். மெதுவாகத் தொடங்கும் 12 நிமிடப் படைப்பு என்றால் முழுக் கோப்பையும் கொடுங்கள். கூடவே "4:10-லிருந்து 6:30 வரை கேளுங்கள், மோட்டாரும் வீணையும் சேரும் இடம்" என்று குறிப்பு எழுதுங்கள். வெட்டி ஒட்டிய டிரெய்லர் மாதிரிகள் சினிமாவுக்குச் சரி. இங்கே அவை எதையோ மறைப்பதாகத் தோன்றும்.

கோப்பு விஷயம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 எம்பி. 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 2.4 எம்பி. படிவம் 50 எம்பி வரைதான் வாங்கும் என்றால் வேவில் 3 நிமிடம்கூடப் போகாது; அப்போது எம்பி3-யை ஏற்றிவிட்டு, வேவுக்கு லிங்க் கொடுங்கள். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று லிமிட்டரை (உச்சங்களை அடக்கும் கருவி) அமுக்கினால் ஒலிக்கலையின் உயிரான நுணுக்கம்தான் முதலில் சாகும். எட்டு ஸ்பீக்கருக்கான படைப்பென்றால் ஹெட்போனிலேயே திசைகள் தெரியும்படி செய்த பைனாரல் வடிவம் ஒன்றும் தேவை. நடுவர் வீட்டில் எட்டு ஸ்பீக்கர் இருக்காது.

இங்கே பதிவில் கெடுவது என்னவென்று தெரிந்ததுதான். சீலிங் ஃபேன், இன்வெர்ட்டரின் ரீங்காரம், 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல், பெசன்ட் நகர் கடற்கரையில் காற்று. காற்றுக்கு நுரை உறை போதாது. நீள முடி வைத்த ரோம உறை வேண்டும். கடலோர ஈரப்பதத்தில் கண்டென்சர் மைக் படபடவென்று பொரியும். டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால் கால் மணி நேரம் வெப்பத்துக்குப் பழகவிட்டு அப்புறம் இயக்குங்கள்.

காண்டாக்ட் மைக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் பலர் இதில் தொடங்குகிறார்கள்; பலருக்கும் ஒலி தகரம்போல வருகிறது. ரிச்சி தெருவில் அதிர்வை மின்சாரமாக்கும் 27 மில்லிமீட்டர் பீசோ தட்டு மலிவாகக் கிடைக்கும்; காண்டாக்ட் மைக்கின் உயிர் அதுதான். நடுவில் இருக்கும் வெள்ளை வட்டத்தில் கேபிளின் உள்கம்பி, வெளிப் பித்தளையில் மேல்வலை. வெள்ளை வட்டத்தில் சால்டரிங் அயர்னை 2 விநாடிக்கு மேல் வைத்தால் வெள்ளிப்பூச்சு உரிந்துவிடும், தட்டு வீண். அதனால் ஐந்தாறாக வாங்குங்கள். ஒட்டியபின் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், இல்லையென்றால் இரும்பில் வைத்ததும் இரையும். இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒலி மெலிந்து வந்தால் குற்றம் மைக்கில் இல்லை, அதைச் செருகிய இடத்தில். பீசோவின் கொள்திறன் (கெப்பாசிட்டன்ஸ்) சுமார் 20 நானோஃபாரட். ரெக்கார்டரின் சாதாரண மைக் உள்ளீட்டின் மின்தடை 2 கிலோ ஓம் என்று வைத்தால் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். அதாவது மோட்டாரின் அடிச்சத்தம், அதன் வயிறே, போய்விடும். கிட்டாருக்கான 1 மெகா ஓம் உள்ளீட்டில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதே தட்டு, அதே இரும்பு, ஆனால் கேட்பது வேறு இயந்திரம்.

வேற்று ஆள் குரல் பதிவில் வந்தால் அனுமதி வாங்குங்கள். காகிதத்தில் கையெழுத்து கேட்டால் காசிமேட்டு மீன் ஏலக்காரர் முறைப்பார், "அண்ணே, இதை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புறேன், சரியா?" என்று கேட்டு அவர் பதிலை அதே ரெக்கார்டரில் பிடித்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. ரயில், மெட்ரோ நிலையங்களில் முன் அனுமதி இல்லாமல் கருவியை விரிக்காதீர்கள். சினிமாப் பாட்டுத் துண்டு எதுவும் படைப்பில் வேண்டாம். மூன்று விநாடி என்றாலும் உரிமை உரிமைதான்.

பெயர் யாருக்கு

கூட்டாகச் செய்த வேலையில் பெண்ணின் பெயர் கரைந்துபோவது பழைய கதை. 1963-இல் பிபிசி தொலைக்காட்சியின் டாக்டர் ஹூ தொடரின் முகப்பிசையை ரான் கிரெய்னர் எழுதித் தந்த மெட்டிலிருந்து நாடாவை வெட்டி ஒட்டி ஒலியாக்கியவர் டீலியா டெர்பிஷைர். திரையில் அவர் பெயர் வந்தது 2013-இல், அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து.

அதனால் படைப்பு முடிந்த வாரமே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள்: கருத்து யார், பதிவு யார், நிரல் யார், மிக்ஸ் யார், வருமானத்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு. இசை மென்பொருளில் வேலை செய்த செஷன் கோப்புகளைத் தேதியோடு இரண்டு இடத்தில் சேமியுங்கள். "ஸ்டூடியோக்காரர்தானே செய்து கொடுத்தார்?" என்ற கேள்வி பெண்களிடம்தான் அதிகம் கேட்கப்படுகிறது. பாதி முடிந்த செஷனின் ஒரு ஸ்கிரீன்ஷாட் அதற்கு நல்ல பதில். இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்றால் உரிமத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் படைப்பைப் பதிவுசெய்வதும் நல்லது.

சான்றோர் கடிதம் கேட்டால் உங்கள் படைப்பைக் கேட்டவரிடம் வாங்குங்கள். பெரிய பெயர் என்பதற்காக முகம் தெரியாதவரிடம் வாங்கிய கடிதம் முதல் வரியிலேயே காட்டிக் கொடுத்துவிடும். மூன்று வாரம் முன்பே கேட்க வேண்டும். டிசம்பர் 15-க்குப் பிறகு இந்த ஊரில் இசை சம்பந்தப்பட்ட யாரிடமும் எதையும் எழுதி வாங்க முடியாது.

பெயர், அடையாளம், பாதுகாப்பு

பாலின அடையாளத்துக்குப் பெரும்பாலும் சான்று கேட்பதில்லை. நீங்கள் சொல்வதே போதும். பன்மைத்தன்மைக் கணக்கெடுப்புப் படிவம் தனியாக இருந்தால் அது நடுவர் பார்வைக்குப் போகிறதா என்று ஒரு மின்னஞ்சலில் கேளுங்கள். தமிழ்நாடு அரசே 2022-இல் பால்புதுமையினருக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. தமிழில் எழுதும்போது அந்தச் சொற்கள் கைகொடுக்கும்.

சிக்கல் பணத்தில் வரும். படிவத்தில் கலைப்பெயர், சட்டப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தால், வங்கிக் கணக்கில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து சட்டப் பெயர்க் கட்டத்தில் இருக்க வேண்டும். மாறினால் பணம் திரும்பிப் போகும். பெயர் மாற்ற நினைக்கும் திருநர் விருதுக்குக் காத்திராமல் முன்பே தொடங்குங்கள். 2019 சட்டப்படி தேசிய இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் மாவட்ட ஆட்சியர் சான்றிதழ் தருவார். அதை வைத்து ஆதார், பான், வங்கி என்று வரிசையாக மாற்றலாம்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வென்றால் உங்கள் பெயர், படம், அடையாளம் எல்லாம் பத்திரிகைச் செய்தியாகும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால், விண்ணப்பிக்கும்போதே எந்தப் பெயரில், எந்தப் பிரதிப்பெயரில் (அவன், அவள், அவர்), எந்தப் படத்தோடு அறிவிப்பார்கள் என்று எழுதிக் கேளுங்கள். முடிவு வந்த இரவில் கேட்டால் நேரம் இருக்காது.

செலவுத் திட்டம்

நல்கைக்குச் செலவுத் திட்டம் கேட்பார்கள். 60,000 ரூபாய்க்கு ஒரு மாதிரி: உங்கள் உழைப்பு 12 நாள், நாளுக்கு 2,000 வீதம் 24,000, ரெக்கார்டர் வாடகை 6 நாளுக்கு 6,000, பீசோ, கேபிள், டேப் 2,000, ஆட்டோ 3,000, இயந்திரம் ஓட்டுபவருக்கும் ஏலக்காரருக்கும் 4,000, ஸ்டூடியோ மிக்ஸ் 10 மணி நேரம் 12,000, மொழிபெயர்ப்பு 3,000, எதிர்பாராதது 6,000. முதல் வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், கூச்சம். தன் கூலியைப் போடாத திட்டத்தைப் பார்த்து நடுவர் நெகிழ மாட்டார். இவருக்குச் செலவு போடத் தெரியவில்லை என்றே முடிவு கட்டுவார். கருவி வாங்கும் செலவு மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் அதுவும் இடறும்.

அனுப்பும் நாள்

பிரிட்டன் நேரம் மாலை 5 மணி என்றால் மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கு இரவு 9.30; மற்ற மாதங்களில் 10.30. 'உலகில் எங்கேனும்' (Anywhere on Earth, AoE) நேரம் என்று போட்டிருந்தால், அந்தத் தேதியின் நள்ளிரவு நமக்கு மறுநாள் மாலை 5.29. இதையெல்லாம் தெரிந்துகொண்டு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அந்தக் காரணத்தை எந்த இணையப் படிவமும் கேட்டுக்கொள்ளாது.

அனுப்புமுன் லிங்கை வேறு ஆளின் மொபைலில், உங்கள் கணக்கில் உள்நுழையாமல் திறந்து பாருங்கள். கூகுள் டிரைவில் 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்ற மறந்து, "அனுமதி கேட்கவும்" என்ற பலகையை நடுவருக்குக் காட்டியவர்கள் ஏராளம். சில நாளில் காலாவதியாகும் கோப்புப் பரிமாற்றச் சேவைகள் உதவாது. தேர்வு மாதக்கணக்கில் நடக்கும். பெயர் தெரியாமல் தேர்வு செய்யும் போட்டியென்றால் கோப்புப் பெயரிலும் உள்ளே பொதிந்த விவரங்களிலும் உங்கள் பெயரை அழித்துவிடுங்கள். அனுப்பியதும் வரும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படிவம் அழிந்துபோனால் உங்கள் பதில்களின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். அடுத்த விண்ணப்பத்தில் முக்கால் பங்கு அதிலிருந்துதான் வரும்.

வென்றால், வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடும், எதற்காக வருகிறது என்பதற்கான பர்ப்பஸ் கோடும் கேட்பார்கள். பரிசா, நல்கையா, சேவைக்கான கூலியா என்பதைப் பொறுத்து வரியும் விதியும் மாறும் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால், நடுவர் கருத்து தருவார்களா என்று இரண்டு வரியில் கேளுங்கள். சில இடங்களில் தருகிறார்கள். அதே படைப்பை வேறு விருதுக்கு அனுப்பலாம். பல விருதுகள் கடந்த 12 அல்லது 24 மாதங்களுக்குள் முடிந்த படைப்பைத்தான் ஏற்கும் என்பதால், செஷன் கோப்பில் இருக்கும் முடிந்த தேதியை இப்போதே ஒரு காகிதத்தில் குறித்து மேசை மேல் ஒட்டி வையுங்கள்.